நத்தத்துப் பசியின் சாய்மானம்: வட்டார உணவகக் கிளைகளின் ஈர்ப்புவிசை குறித்த ஓர் ஆய்வு

திண்டுக்கல் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள நத்தம் பேரூராட்சிக்கு மேற்கே திண்டுக்கல்லும் தெற்கே மதுரையும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் 35 முதல் 40 கிலோமீட்டர். திண்டுக்கல் பிரியாணிக்குப் பேர்போனது. மதுரையோ பரோட்டா, கறிதோசை, இட்லி, ஜிகர்தண்டா என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்கே பேர்போன ஊர். இரு ஊர்களிலும் ஒற்றைக் கடையாகப் பிறந்த உணவகங்கள் சென்னையைத் தாண்டி, கடலையும் தாண்டிக் கிளை விட்டிருக்கின்றன. இந்த இரண்டு செல்வாக்கு மண்டலங்களும் உரசிக்கொள்ளும் கோட்டில் நத்தம் அமைந்திருப்பதால், வட்டார உணவகங்களின் மவுசை அளக்க இதைவிடத் தோதான ஆய்வுக்களம் அரிது. டீக்கடைப் பெஞ்சுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த விவாதம், பெஞ்சை விட்டு எழுந்ததும் மறந்துபோகிற காரணத்தால் இதுவரை நூலாக்கம் பெறவில்லை.

எது வேகம்

வட்டாரக் கடைகளை ஒப்பிடுவதற்கு முன், அவை விரைவுணவுக் கடைகள்தானா என்பதை நிறுவியாக வேண்டும். 1948-ல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையின் உணவுப் பட்டியலைச் சுருக்கி, பரிமாறும் ஆட்களை நிறுத்தி, கேட்பதற்கு முன்பே செய்து அடுக்கிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். விரைவுணவின் இலக்கணம் அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது: சமைக்க எவ்வளவு நேரமானாலும் சரி, கேட்டவர் கைக்கு உடனே வந்துவிட வேண்டும்.

இந்த இலக்கணத்தை நேர்மையாகப் பொருத்தினால், உலகின் மிக விரைவான உணவு பிரியாணியே. கறி வேகவும் அரிசி தம்மில் அடங்கவும் காலைப் பொழுது போய்விடுகிறது. ஆனால் அண்டாவின் மூடி திறந்த பிறகு, "ஒரு மட்டன்" என்ற குரல் கல்லாவைத் தாண்டுவதற்குள் இலையில் விழுந்துவிடுகிறது. பர்கருக்குக்கூட ரொட்டியைப் பிளந்து உள்ளே எதையாவது வைக்க வேண்டியிருக்கிறது. பிரியாணியில் அந்த வேலையும் இல்லை, எல்லாம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன. பீஸ் மட்டும் சில சமயம் தேட வேண்டிவரும். அது வேகத்தைப் பற்றிய கேள்வி இல்லை, அதிர்ஷ்டத்தைப் பற்றியது.

நத்தம் பஸ் நிலையத்தில் இந்த வேகத்தை அளக்க நிமிடம், நொடி போன்ற அலகுகள் உதவா. வண்டியை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்து முடிக்கும் நேரமே இங்கு நடைமுறை அலகு. இக்கட்டுரை அதை 'ஒரு நிறுத்தம்' என்று குறிக்கும். ஒரு நிறுத்தத்துக்குள் வாங்கி, தின்று அல்லது கட்டி எடுத்துக்கொண்டு, விசில் ஊதுமுன் படியேற முடிகிற எதுவும் விரைவுணவு. இட்லி தேறும். பிரியாணிப் பொட்டலம் தேறும். பரோட்டா, கல்லில் அடுக்கிவைத்தது இருந்தால் தேறும்; கொத்து பரோட்டா தேறாது, ஆனால் அதன் சத்தம் பஸ்ஸுக்குள் இருப்பவருக்கும் கேட்பதால் அரை மதிப்பெண் தரலாம். சாப்பாடு ஒருபோதும் தேறாது. குழம்பு, ரசம், மோர் என்ற மூன்று கட்டங்களையும் கடக்காமல் எழுந்தவர் சாப்பிட்டவராகக் கருதப்படுவதில்லை என்பதால், அதற்குக் குறைந்தது மூன்று நிறுத்தங்கள் வேண்டும்.

திண்டுக்கல் தரப்பு

திண்டுக்கல் தரப்பின் முதன்மைச் சான்று 1957-ல் தொடங்குகிறது. அவ்வாண்டு நாகசாமி நாயுடு என்பவர் அந்நகரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் என்ற கடையைத் திறந்தார். அவர் எப்போதும் தலையில் கட்டியிருந்த தலப்பா கடையின் பெயரைவிட எடுப்பாக இருந்ததால், வாடிக்கையாளர் கடையையே தலப்பாக்கட்டி என்று அழைத்தனர். கடையும் பிறகு அதையே ஒப்புக்கொண்டது. உரிமையாளரின் உடுப்பு நிறுவனத்தின் முத்திரையாகிப்போன வகையில், கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் அணிந்த வெள்ளைக் கோட்டுக்கு நேர்நிகராக வைக்கத்தக்க தமிழ்ச் சான்று இது. பிற்காலத்தில் இந்தப் பெயரைச் சிற்சில எழுத்து மாற்றங்களோடு சென்னையில் வேறு சிலரும் பயன்படுத்தியதால் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு தலைப்பாகைக்கு யார் உரிமையாளர் என்று நீதிமன்றம் ஆராய நேர்ந்தது, பிரியாணியின் பொருளாதார எடைக்கு அத்தாட்சி.

நகரில் இது ஒன்று மட்டும் இல்லை. வேணு, பொன்ராம் என்று இன்னும் சில பெயர்கள் உண்டு. இவற்றில் எது மேல் என்று திண்டுக்கல்காரர் இருவரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும்; மூன்றாவது, "இதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு, நாங்க சாப்பிடற கடை வேற" என்பது.

திண்டுக்கல் பிரியாணியின் பொதுக் குணங்கள் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை. அரிசி சீரகச் சம்பா. பாசுமதி நீண்டு, உதிர்ந்து, தன்னை மட்டும் காட்டிக்கொள்வது. சீரகச் சம்பா பொடியாக இருந்து கறியின் சாற்றையும் மசாலாவையும் உறிஞ்சிக்கொள்வது. காரத்தில் மிளகின் பங்கு கூடுதல். கறி சிறு துண்டுகளாக வெட்டப்படும். பக்கத்தில் தால்சாவும் வெங்காயப் பச்சடியும் வரும். இத்தனைக்கும் காரணம் தண்ணீர்தான் என்று ஒரு கொள்கை உள்ளூரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆத்தூர் காமராஜர் சாகர் நீர் இல்லாமல் இந்த ருசி வராது என்பார்கள். அப்படியானால் கடல் தாண்டிய கிளைகளில் என்ன ஊற்றுகிறார்கள் என்று கேட்டால், "அதான் அங்க அந்த ருசி இல்லையே" என்ற விடை தயாராக இருக்கும். துபாய்க்குப் போகாமலே தரப்படும் விடை என்றாலும் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

தண்ணீரைவிட வலுவான காரணம் தோல். திண்டுக்கல் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் நகரம். தமிழ்நாட்டின் இன்னொரு பிரியாணித் தலைநகரான ஆம்பூரும் தோல் நகரம். அதன் அண்டையில் உள்ள வாணியம்பாடியும் அப்படியே. ஆம்பூரிலும் அரிசி சீரகச் சம்பாதான், துணைக்குக் கத்தரிக்காய் வருவது மட்டும் வேறு. ஆட்டுத்தோல் வாணிபம் நடக்கும் இடத்தில் ஆட்டின் மற்ற பகுதிகளும் இருந்தாக வேண்டும் என்பது எளிய கணக்கு. தோல் வாணிபத்தில் ஈடுபட்ட முஸ்லிம் குடும்பங்களின் சமையல் அந்தக் கறியைச் சரியான இடத்தில் கொண்டுசேர்த்திருக்கும். மாவட்டத்துக்குள்ளேயே வியாழன்தோறும் ஐயலூரில் ஆட்டுச் சந்தை கூடுகிறது. 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்த ஹைதர் அலி தான் பிரியாணியைக் கொண்டுவந்தார் என்பாரும் உளர். படை நடத்தி வந்தவர் எவராயினும் அவர் தலையில் ஓர் அண்டாவை ஏற்றிவிடுவது நம் வரலாற்றெழுத்தின் பழக்கம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மதுரைத் தரப்பு

மதுரையின் கடைகளில் முருகன் இட்லிக் கடை சிங்கப்பூர் வரை போனது, கோனார் மெஸ் கறிதோசையை ஒரு தனித் துறையாக்கியது. இவை தெரிந்தவை. ஆய்வுக்கு உண்மையான தீனி தருவது ஸ்ரீ முனியாண்டி விலாஸ்.

தென்னிந்தியாவின் நெடுஞ்சாலைகளிலும் பஸ் நிலைய ஓரங்களிலும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் இதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது. பங்குதாரர் கிடையாது, ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, எந்தக் கடையும் எந்தக் கடைக்கும் கிளை இல்லை. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி என்ற கிராமத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள் 1930-களில் இருந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் தொடங்கிய கடைகள் இவை. முதற்கடை 1937-ல் காரைக்குடியில் திறக்கப்பட்டது. எல்லாக் கடைக்கும் பொதுவானது ஊர்த் தெய்வமான முனியாண்டி சாமியின் பெயரும், கல்லாவுக்குப் பின்னால் உள்ள அவர் படமும்தான்.

மேலாண்மை நூல்கள் உரிமக்கிளை என்று விவரிக்கும் ஏற்பாட்டை இதனோடு ஒப்பிட்டால் சுவையான வேறுபாடுகள் தெரிகின்றன. அங்கே கிளை எடுப்பவர் விற்பனையில் ஒரு பங்கைத் தலைமை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். தவறினால் வக்கீல் நோட்டீஸ் வரும். இங்கே அன்றாடம் முதல் வாடிக்கையாளர் தரும் காசைச் சாமிக்கென்று தனியே எடுத்துவைக்கிறார்கள். தவறினால் என்ன வரும் என்பதைச் சாமியே அறிவார், அதனால் தவறுவதில்லை. அங்கே ஆண்டுக்கொருமுறை கிளை உரிமையாளர் மாநாடு நடக்கும். இங்கே தை, மாசி மாதங்களில் நாயுடு சமூகத்தாரும் ரெட்டியார் சமூகத்தாரும் தனித்தனியே வடக்கம்பட்டியில் திருவிழா எடுக்கிறார்கள். பல மாநிலங்களில் கடை நடத்துவோர் குடும்பத்தோடு வந்து கூடுகிறார்கள். ஆடும் கோழியும் பலியிடப்பட்டு, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகிறது. விடிகாலையில் அது பிரசாதமாக வழங்கப்படுகிறது. தலைமை அலுவலகமே கிளைகளுக்கும் ஊராருக்கும் இலவசமாகச் சோறு போடும் வணிகச் சங்கிலி உலகில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. மதுரைத் தரப்பின் மிகப் பெரிய தொடர் நிறுவனமும் கடைசியில் பிரியாணியில்தான் போய் நிற்கிறது என்பதைத் திண்டுக்கல் தரப்பு ஒரு வெற்றியாகக் கொண்டாடலாம், தடையில்லை.

பெயர்ப்பலகை விதி

மேற்கண்ட தரவுகளிலிருந்து ஒரு விதி தானாகவே திரண்டு வருகிறது. பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் பெறும் எழுத்தின் பருமன், அந்த ஊரிலிருந்து கடை இருக்கும் தொலைவுக்கு நேர் விகிதத்தில் அமையும்.

1957-ல் திண்டுக்கல்லில் பிறந்த கடையின் பெயரில் திண்டுக்கல் இல்லை. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு திண்டுக்கல் பிரியாணி என்று எழுதுவது, வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டிருப்பதற்குச் சமம். கடை வெளியூர் போன பிறகே ஊர்ப்பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மதுரை முனியாண்டி விலாஸ் என்று பல பலகைகள் சொல்லும் தொடரின் முதற்கடை மதுரையில் பிறக்கவே இல்லை, காரைக்குடியில் பிறந்தது. எதிர்முனைச் சான்றும் உண்டு. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, மாலையில் சில மணி நேரம் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையில் ஊர்ப்பெயர் என்ன, பலகை என்று சொல்லத்தக்க பலகையே கிடையாது. மங்கலான விளக்கொளியில் கூட்டத்தை வைத்துத்தான் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். நெல்லை அல்வா என்ற எழுத்துகள் பெரிதாவதெல்லாம் தாமிரபரணியை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான்.

விதி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதா என்ற ஐயத்தை அமெரிக்கச் சான்று தீர்த்துவைக்கிறது. சாண்டர்ஸ் தம் கோழியைப் பொரித்தது கென்டக்கி மாநிலத்தின் கார்பின் என்ற ஊரில். ஆனால் கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் என்ற பெயரோடு முதல் கிளை 1952-ல் திறக்கப்பட்டது அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். அந்தக் கடையை நடத்திய பீட் ஹார்மனுக்குத் தேவைப்பட்டது உள்ளூர்க்காரர் எவரும் எளிதில் போய்ச் சரிபார்க்க முடியாத ஓர் ஊர். விதியின் உள்ளுறை இதுவே: சரிபார்க்க முடியாத தொலைவில்தான் ஊர்ப்பெயர் ருசிக்கத் தொடங்குகிறது.

இப்போது நத்தத்தின் சிக்கல் விளங்கும். இங்கே ஒரு கடை "திண்டுக்கல்" என்று பலகை வைத்தால் நத்தத்துக்காரர் மலைக்க மாட்டார். நேற்றுத்தான் போய்வந்தார், நாளையும் போவார். "மதுரை" என்று வைத்தாலும் இதே கதி. பஸ் நிலையத்தை ஒட்டிய கடை என்றால் அது உணவகத்தின் பெயரா, வண்டி போகும் ஊரா என்ற குழப்பமும் சேரும். இரண்டு ஊர்ப்பெயர்களும் ஒருசேரச் செல்லாக்காசாகும் இடம் என்ற வகையில் நத்தம், பெயரின் உதவியில்லாமல் உணவு தானாக நின்று காட்ட வேண்டிய களம். தன் பெயரை ஏற்றுமதி செய்வதில் மட்டும் ஊர் பின்தங்கவில்லை. நத்தத்து மாம்பழமும் புளியும் வெளிச் சந்தைகளில் ஊர்ப்பெயரோடுதான் விலை போகின்றன. விதிக்கு அவையும் கட்டுப்பட்டவையே.

ஈர்ப்புவிசைக் கணக்கு

இரு நகரங்களுக்கு நடுவே உள்ள சிற்றூரின் வாடிக்கை எந்தப் பக்கம் போகும் என்பதை வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் டெக்சஸ் மாநிலத்தில் இருந்துகொண்டு ஆராய்ந்து, 1931-ல் சில்லறை வாணிப ஈர்ப்பு விதி என்று நூலாக வெளியிட்டார். நியூட்டனைக் கடைவீதிக்கு இழுத்துவந்த விதி அது: ஒரு நகரம் நடுவூரிலிருந்து இழுக்கும் வியாபாரம் அதன் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். நத்தத்தைப் போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்தே எழுதியதுபோல இருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி மதுரையின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம்; திண்டுக்கல்லின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். தொலைவு இரண்டுக்கும் ஏறத்தாழ சமம் என்பதால் அது கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது ஐந்துக்கு ஒன்று. அதாவது, பசித்த நத்தத்துக்காரர் ஆறு பேரில் ஐந்து பேர் மதுரைக்குச் சாய வேண்டும். 1949-ல் கான்வர்ஸ் என்பவர் இதே விதியிலிருந்து எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கும் வழியையும் சொன்னார். நத்தம் வழியாக மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை 75 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், எல்லை மதுரையிலிருந்து 52-வது கிலோமீட்டரில் விழுகிறது. ஆக, மதுரைப் பரோட்டாவின் ஆட்சி நத்தத்தைக் கடந்து, கோபால்பட்டிப் பக்கம் வரை நீள்கிறது. அதற்கு மேற்கேதான் தலப்பாவின் நாடு தொடங்குகிறது.

கணக்கில் பிழையில்லை. ஆனால் நத்தத்தில் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. ரெய்லியின் விதி துணிமணிக்கும் மரச்சாமானுக்கும் பொருந்தும். அவற்றை வாங்குவதற்கென்று மனிதர் பஸ் ஏறுவார். பிரியாணி தின்பதற்கென்று மட்டும் 37 கிலோமீட்டர் போகிறவர் ஊரில் எள்ளலுக்கு ஆளாவார். போகிறவர் வேறு ஜோலியாகப் போகிறார், போன இடத்தில் மணி ஒன்று ஆகிறது. நத்தத்தில் வட்டார உணவகங்களின் மவுசைத் தீர்மானிப்பது ருசியோ மக்கள்தொகையோ இல்லை. ஜோலிதான்.

ஜோலிகள் இரு நகரங்களுக்கும் ஒழுங்காகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று தாலுகா அளவில் தீராதவை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகின்றன. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்துவிட்டு வெளியே வரும்போது மதியமாகிவிடுகிறது. மனு ஏற்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டன், இல்லாவிட்டால் குஸ்கா. கல்யாணத்துக்குப் பட்டும் நகையும் எடுக்க வேண்டுமானால் மதுரை. அந்தக் கூட்டம் குடும்பமாகப் போகும், மதியம் கறிச்சோறு சாப்பிடும், மாலையில் ஜிகர்தண்டா குடிக்கும், திரும்பும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு அல்வாவும் மிக்சரும் பொட்டலமாக வரும். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு மதுரை போகிறவர்கள் இக்கணக்கில் சேர மாட்டார்கள்; அவர்கள் வாங்கும் இட்லிக்கு ருசி பார்க்க யாருக்கும் மனம் இருப்பதில்லை. 2004-ல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தபின் நிலத்தகராறுகளும் அங்கே போயின. வழக்கு எத்தனை வாய்தா போகிறதோ அத்தனை மதியச் சாப்பாடு மதுரைக்கு.

இக்கொள்கைக்கு வரலாற்றுச் சான்று தெளிவாக உள்ளது. 1985 செப்டம்பர் 15 வரை நத்தம் மதுரை மாவட்டத்தில் இருந்தது. அதாவது பட்டாவும் பட்டும் ஒரே திசையில் கிடந்தன. திண்டுக்கல் தனி மாவட்டமான அன்று, அரசாணையில் ஒரு வரிகூட இல்லாமலே, ஒரு வட்டாரத்து மனுதாரர்களின் மதியச் சாப்பாடு தெற்கிலிருந்து மேற்குக்கு இடம் மாறியது. மாவட்டப் பிரிவினைகளை ஆராய்வோர் நதிநீர், நிதி ஒதுக்கீடு பற்றியெல்லாம் எழுதுகிறார்கள், தால்சாவைக் கவனிப்பதில்லை.

2023-ல் மதுரை - நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டதும் மதுரையின் கை சற்று ஓங்கியது. ரெய்லியின் சூத்திரத்தில் தொலைவைக் கிலோமீட்டருக்குப் பதிலாக நேரத்தால் அளந்தால் மதுரை இப்போது கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. ஆனால் மேம்பாலம் தன் கீழே உள்ள கடைகளின் மேலாகப் பறந்து போவது. ஒரு நிறுத்தத்துக்குக்கூட அதில் இடமில்லை. ஜோலிக்குப் போவோருக்கு அது லாபம், சாலையோரக் கல்லுக்கு நட்டம்.

உள்ளூர்த் தரப்பு

இரு பேரூர்களும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது போக மிஞ்சும் பசி அதிகம். அது மாலை ஆறு மணிக்கு மேல் வருகிறது. சட்டைத் தையல் கூடங்களில் வேலை முடித்துத் திரும்புவோர், கடைசி பஸ்ஸுக்கு நிற்போர், வீட்டில் இன்றைக்கு அடுப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தோர் எல்லோரும் போவது பெயர் முக்கியமில்லாத பரோட்டாக் கடைக்கு. அதன் பெயர் பலகையில் இருக்கலாம். ஆனால் "ஆலமரத்துக் கடை", "பெட்ரோல் பங்க் கடை", "அண்ணன் கடை" என்று இடத்தையோ ஆளையோ வைத்தே சொல்லப்படும்.

இந்தக் கடையைக் கிளைக்கடைகளால் வெல்ல முடியாததற்கு முதற் காரணம் சால்னா. பரோட்டாவுக்கு விலை உண்டு, சால்னாவுக்கு இல்லை. பிய்த்துப் போட்ட பரோட்டா ஊறி மறையும்வரை ஊற்றுவதும், பாதியில் மறுபடி ஊற்றுவதும் மரபு. கணக்குப் பார்க்கும் நிறுவனம் இதை ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துவிடும். அளந்து வைத்த சால்னா, அளவு எவ்வளவாக இருந்தாலும் குறைவுதான். இரண்டாம் காரணம் மாஸ்டர். கிளை பரப்புவோரின் கனவு மாஸ்டரே தேவைப்படாத சமையற்கட்டு. மசாலாவை ஓரிடத்தில் அரைத்து, ஒரே அளவில் கட்டி, எல்லாக் கிளைக்கும் அனுப்பினால் யார் கிண்டினாலும் ஒரே ருசி வரும் என்பது ஏற்பாடு. பரோட்டாக் கடையில் ருசி கொஞ்சம் இறங்கினால் வாடிக்கையாளர் பலகையைப் பார்ப்பதில்லை. "மாஸ்டர் மாறிட்டாரு போல" என்கிறார். அந்த மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போயிருந்தால் வாடிக்கையும் சாலையைக் கடந்து போகும். டெக்சஸ்காரர்கள் தங்கள் கார்பஸ் கிறிஸ்டி ஊரில் 1950-ல் பிறந்த வாட்டபர்கர் நிறுவனத்தின் பெரும்பங்கு 2019-ல் சிகாகோக்காரர் கைக்குப் போனபோது மாநிலமே பறிபோனதுபோலப் புலம்பினார்கள். நத்தத்தில் கடை கைமாறினால் யாரும் கவலைப்படுவதில்லை. கல் கைமாறினால்தான் ஊர் பேசும்.

பருவ மாற்றங்களையும் குறிப்பிட வேண்டும். மாசித் திருவிழாவில் நத்தம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, கரந்தமலைத் தீர்த்தம் கொண்டுவந்து, பூக்குழி இறங்க விரதம் இருப்போர் வீடுகளில் கறி நின்றுவிடும். அந்நாட்களில் பிரியாணியின் செல்வாக்கை அளப்பது முறையாகாது. கழுமரம் ஏறி முடிந்து, விழா நிறைவுற்ற மறுநாள் அளப்பதும் முறையாகாது. அது வேறு மாதிரிப் பிழையைத் தரும். இதே மாசியில் வடக்கம்பட்டியில் ஒரு சாமிக்குப் பிரியாணியே படையல். புரட்டாசியும் ஐயப்ப மாலைக்காலமும் இரு தரப்பையும் சமமாகப் பாதிப்பதால் அவற்றை ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்க முடியாத ஒன்று கிடாவெட்டு. காதுகுத்து, குலசாமி கும்பிடு, புதுமனை என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு ஏதாவது ஒரு தோட்டத்தில் கறி வெந்துகொண்டுதான் இருக்கிறது. அன்றைக்கு அழைக்கப்பட்ட அத்தனை வீடுகளிலும் திண்டுக்கல், மதுரை, உள்ளூர் மூன்றின் செல்வாக்கும் ஒருசேரப் பூஜ்யமாகிவிடும். பந்தியில் பீஸ் தேட வேண்டியதில்லை, கேட்டால் வரும். கேட்காவிட்டால் வற்புறுத்தி வரும். செலவைப் பார்த்தால் இதுவே நத்தத்தின் விலை உயர்ந்த பிரியாணி. மொய்யாக எழுதுவது கடையில் ஓர் இலைக்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு. ஆயினும் யாரும் இரண்டையும் ஒப்பிடுவதில்லை. கடையில் கொடுத்த காசு கல்லாவோடு போயிற்று. மொய்யோ அவர் வீட்டு நோட்டில் இவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டு, இவர் வீட்டு விசேஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலோடு திரும்பி வர வேண்டியது.